டேங்க் மோட்டாருக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்?

"மச்சி, ராஸ்பெர்ரி பை வாங்கலாம்னு இருக்கேன். 4 ஜிபியா, 8 ஜிபியா?"

எலக்ட்ரானிக்ஸ் மேல புதுசா ஆசை வர்ற ஆளுங்க கேக்கற முதல் கேள்வி இதுதான். இன்ஜினியரிங் பசங்க கேக்கறாங்க, பிளஸ் டூ பசங்க கேக்கறாங்க, இப்போ எங்க பி.காம் கிளாஸ்லயும் ரெண்டு பேர் கேக்க ஆரம்பிச்சாச்சு. பதில் சொல்றவங்களும் சளைச்சவங்க இல்ல. 8 ஜிபியே வாங்கு, ஃபேன் வச்ச பெட்டி வாங்கு, ஒரிஜினல் சார்ஜர் வாங்குன்னு அடுக்கறாங்க. "எதுக்குடா?"ன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல.

கேட்டுப் பாருங்களேன். மொட்டை மாடி டேங்க் நிறைஞ்சா மோட்டார் நிக்கணும். பூந்தொட்டிக்குத் தானா தண்ணி போகணும். வாசல் லைட் இருட்டினா எரியணும். இவ்வளவுதான் வரும். இதுக்கு நாலு கோர் பிராசஸர், ஜிபி கணக்குல மெமரி, முழு லினக்ஸ்! கொசு அடிக்கப் பீரங்கி வாங்கிட்டு, அதுல பெரிய பீரங்கியா சின்ன பீரங்கியான்னு வேற ஆலோசனை.

(காமர்ஸ்காரனுக்கு இங்க என்னடா வேலைன்னு கேக்கறவங்களுக்கு: காசு எங்க வீணாப் போகுதுன்னு பாக்கறதுதான் சாமி எங்க வேலையே.)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ராஸ்பெர்ரி பை, ஆரஞ்சு பை, பீகிள்போன் எல்லாம் சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர். நிஜமான கம்ப்யூட்டர். லினக்ஸ் ஓடும், மானிட்டர் மாட்டலாம், படம் பாக்கலாம். அர்டுயினோ ஊனோ, ஈஎஸ்பி32, பை பீக்கோ எல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அதுல நீங்க எழுதின ஒரே ஒரு புரோகிராம் மட்டும் ஓடும், கரண்ட் குடுத்த உடனே ஓடும், கரண்ட் போற வரைக்கும் ஓடும். ரெண்டும் ஒரே கடையில, ஒரே கண்ணாடி அலமாரியில, கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருக்கறதால ஒண்ணோட அண்ணன் இன்னொண்ணுன்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கறாங்க. அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. வேற குடும்பம்.

ஊனோவோட ஜாதகம் பாருங்க: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், புரோகிராமுக்கு 32 கேபி, வேலை செய்ய 2 கேபி மெமரி. சிரிப்பு வருதா? டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்து ஒரு ரிலேவைத் தட்டிவிட இதுவே அதிகம். அல்ட்ராசோனிக் சென்சார்ல சத்தம் போய்த் திரும்பி வர 1 செ.மீ.க்கு சுமார் 58 மைக்ரோ செகண்ட் ஆகும். ஊனோ வேற வேலை எதுவும் இல்லாம அதையே எண்ணிக்கிட்டு நிக்கும். பைல ஓடற லினக்ஸுக்கு அதே நேரத்துல வைஃபை, லாக் ஃபைல், அது இதுன்னு நூறு சோலி. நடுவுல உங்க பைத்தான் புரோகிராமைக் கொஞ்சம் ஓரமா நிக்க வச்சுட்டுப் போய்டும். அந்தக் கொஞ்ச நேரத்துல அளவு பல செ.மீ. தப்பாயிடும். அதாவது, ஆயிரம் மடங்கு பெரிய மெஷின், இந்த ஒரு வேலையில சின்னதைவிட மோசம்.

இன்னொண்ணு. மண்ணோட ஈரம், வெளிச்சம் மாதிரி ஏறி இறங்கற வோல்ட்டேஜை அளக்க ஊனோவுல ஆறு அனலாக் பின் இருக்கு. பைல ஒண்ணுகூட கிடையாது. அதுக்குத் தனியா ஒரு சிப் வாங்கி மாட்டணும். பையோட பின்கள் 3.3 வோல்ட்டுக்குத்தான் தாங்கும். 5 வோல்ட் சென்சாரை நேரா செருகினா போர்டே போய்டலாம். ஊனோ ஆர்3-ல நீளமான சிப் வச்ச மாடல் வாங்கினா, எரிஞ்சாலும் சாக்கெட்ல இருந்து சிப்பை மட்டும் நெம்பி எடுத்துட்டு வேற போடலாம். கத்துக்கற காலத்துல எரிக்கத்தான் செய்வோம். எரிக்கறதை மலிவா எரிப்போமே!

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல ஒருத்தர் வீடியோ போடறார், அவர் வீட்ல கரண்ட் போறதில்ல. செங்கல்பட்டுலயும் மகாபலிபுரம் பக்கமும் இருக்கற நமக்கு அப்படியா? 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. அடுத்த வருஷம் டிசம்பர்லயே மிக்ஜாம். புயலை விடுங்க, சாதாரண மழைக்கே கரண்ட் போய்ப் போய் வரும். பை எஸ்டி கார்டுல இருந்து ஓடற சாதனம். எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா கார்டுல உள்ளது கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. அப்புறம் பூட் ஆகாது. ராத்திரி மழையில மோட்டார் ஓடலைன்னு அம்மா கூப்பிட, நீங்க லேப்டாப்ல கார்டைச் செருகி மறுபடி இமேஜ் எழுதிட்டு உக்காந்திருப்பீங்க. கார்டுல எழுதாத மாதிரி அமைக்க வழி இருக்குதான். ஆனா அது தெரிஞ்ச ஆள் "4 ஜிபியா 8 ஜிபியா"ன்னு கேக்கவே மாட்டான்.

சரி, பேட்டரி வைக்கலாமேன்னா, அதுக்கும் கணக்கு இருக்கு. ஒரு நல்ல 18650 செல்லுல சுமார் 9 வாட்-ஹவர் இருக்கும். பை 4 சும்மா இருந்தாலே கிட்டத்தட்ட 3 வாட் இழுக்கும். அப்போ மூணு மணி நேரம்கூட முழுசா வராது. ஊனோ கால் வாட் பக்கம்தான், அதே செல்லுல ஒரு நாளைத் தாண்டிடும். ஈஎஸ்பி32-ஐ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி மறுபடி தூங்க வச்சா இன்னும் எவ்வளவோ நாள். கரண்ட் பில்லை வச்சு நான் பயமுறுத்தல. 3 வாட் வருஷம் பூரா ஓடினாலும் 26 யூனிட்தான், அதுல ஒண்ணும் குடி முழுகிடாது. பிரச்சனை கரண்ட் இல்லாத நேரத்துலதான்.

கடலோரத்துல இருக்கறவங்களுக்கு உப்புக்காத்து வேற. கோவளம், மகாபலிபுரம் பக்கம் இரும்பு கேட் என்ன கதிக்கு ஆளாகுதுன்னு பாத்திருப்பீங்க. ஜம்பர் ஒயர் முனையும் அதே கதிதான். ப்ரெட்போர்டுல செருகினதை அப்படியே மாடியில விட்டுட்டு வந்தா, கொஞ்ச மாசத்துல கனெக்‌ஷன் விட்டு விட்டு வேலை செய்யும். சால்டர் பண்ணி, மூடி வச்ச பெட்டிக்குள்ள போடுங்க. 8 ஜிபிக்குக் குடுக்கற காசுல நல்ல பெட்டியும், தண்ணி புகாத சென்சாரும், ஸ்பேர் போர்டும் வந்துடும்.

இனி கொஞ்சம் கோவமா பேசப் போறேன்.

இந்த பை மோகத்தை வளர்க்கறதுல பெரிய பங்கு ப்ராஜெக்ட் சென்டர்களுக்கு. ஃபைனல் இயர் மாணவன் காசைக் குடுத்தா, தலைப்பு, போர்டு, ரிப்போர்ட் எல்லாம் ரெடி. தலைப்புல "பை" இருந்தா ஒரு ரேட்டு, "ஏஐ" சேர்ந்தா இன்னொரு ரேட்டு. எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வீட்ல ஆட்டை வித்து ப்ராஜெக்டுக்குப் பணம் கட்டினார். உள்ள திறந்து பாத்தா ஒரு டெம்பரேச்சர் சென்சார், ஒரு பஸ்ஸர். பை ஜம்முன்னு நடுவுல உக்காந்திருக்கு. வைவாவுல "ஏன் இந்த போர்டு?"ன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா அவருக்கும் பதில் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. அந்த ஒரு கேள்வியைக் கேக்காத வாத்தியாருங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பையைச் செஞ்சவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. 2012 பிப்ரவரி 29-ல 35 டாலருக்கு ஒரு முழு கம்ப்யூட்டரை வித்தது சாதாரண விஷயமா? முதல்ல வந்த போர்டுக்குக்கூட இன்னிக்கு வரைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் தர்றாங்க. ஆனா ஒரு காமர்ஸ் மாணவனா அவங்க வியாபாரத்தைப் பாக்கறேன். 2021-ல சிப் தட்டுப்பாடு வந்தப்போ, முதல் தடவையா விலையை ஏத்தினாங்க. இருந்த சரக்கைத் தொழிற்சாலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் முன்னுரிமை குடுத்து அனுப்பினாங்க. ஹாபிக்காரன் கடைசி வரிசை. அந்தப் பொருளை நம்பித் தொழில் நடத்தறவன் முதல்ல வாங்கட்டும்கறது நியாயமாவும் இருக்கலாம். 2024 ஜூன்ல லண்டன் பங்குச்சந்தையில லிஸ்ட் ஆனாங்க. அவங்க விற்பனையில பெரும்பங்கு இப்போ தொழில்துறைக்குத்தான். 2025 கடைசியில மெமரி சிப் விலை எகிறினதால மறுபடி விலை ஏறிச்சு. 8 ஜிபி, 16 ஜிபி மாடலுக்குத்தான் ஜாஸ்தி அடி. ஆக, தேவையில்லாத ஜிபிக்கு ஆசைப்படறவன் இன்னிக்கு மெமரி மார்க்கெட்டோட சூதாட்டத்துக்கும் சேர்த்துக் காசு கட்டறான். 2 கேபி-ல முடியற வேலைக்கு!

அதே கம்பெனிதான் 2021 ஜனவரியில பை பீக்கோவை 4 டாலருக்குக் கொண்டு வந்துச்சு, அது மைக்ரோகன்ட்ரோலர். பை செய்யறவங்களுக்கே எல்லா வேலைக்கும் பை வேண்டாம்னு தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல.

"லினக்ஸ் கத்துக்கலாம்ல?"னு ஒரு வாதம் வரும். தாராளமா கத்துக்கங்க. உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப் ஒண்ணு பரண்ல தூங்கிட்டு இருக்கும். 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்தது. ஆரம்பத்துல குடுத்ததுல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக் உருவாக்கினது. எத்தனை பேர் அதைத் திறந்து பாத்தோம்? அந்த லேப்டாப்ல ஸ்கிரீன் இருக்கு, கீபோர்டு இருக்கு, ஹார்டு டிஸ்க் இருக்கு. பேட்டரி செத்திருக்கும், பரவாயில்ல. அதுல ஒரு லேசான லினக்ஸைப் போட்டு, யுஎஸ்பி-ல ஒரு ஊனோவையோ ஈஎஸ்பி32-ஐயோ மாட்டுங்க. கம்ப்யூட்டரும் ஆச்சு, பின்களும் ஆச்சு. மொத்தச் செலவு ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டுப் பக்கம் முடிஞ்சிடும். பை வாங்கினா அதுக்கு மேல கார்டு, சார்ஜர், எச்டிஎம்ஐ கேபிள், கீபோர்டு, மானிட்டர். பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை வேணும்னு கம்பெனியே சொல்லுது, உங்க செல்போன் சார்ஜர் ஒத்து வராது. போர்டு விலையை மட்டும் பாத்துட்டு முடிவு பண்றது, ஷோரூம் விலையைப் பாத்துட்டு வண்டி வாங்கற மாதிரி.

அப்போ பை எதுக்குமே ஆகாதான்னா, ஆகும். கேமரா வச்சு கேட்டுக்கு வர்ற வண்டி நம்பரைப் படிக்கணுமா, வீட்டு சென்சார் எல்லாத்தோட கணக்கையும் ஒரு இடத்துல சேர்த்து வைக்கணுமா, அது பைக்கான வேலை. அப்பவும் எவ்வளவு மெமரி ஓடுதுன்னு லேப்டாப்ல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. ஆரஞ்சு பை, பனானா பை எல்லாம் காகிதத்துல பாத்தா இன்னும் பலமாத்தான் தெரியும். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு அந்த மாடலுக்கு அப்டேட் வருமான்னு பாத்துக்கங்க. போர்டை வித்துட்டு சாப்ட்வேரை மறந்துடறதுதான் இந்த வகையில பெரிய தலைவலி.

சுதேசி போர்டு வாங்கலாமான்னும் கேக்கறாங்க. திருவனந்தபுரம் சி-டாக்கோட வேகா பிராசஸர் வச்ச ஏரீஸ் போர்டு இருக்கு, அர்டுயினோ சாப்ட்வேர்லயே எழுதலாம். நம்ம ஐஐடி மெட்ராஸ்ல சக்தி பிராசஸர் செஞ்சாங்க. ரெண்டுமே ரிஸ்க்-ஃபைவ் குடும்பம். பிராசஸர் எப்படி இயங்குதுன்னு கத்துக்க ஆசையா, கண்டிப்பா வாங்குங்க. டேங்க் நிறைக்கறதுக்கு தேசபக்தி தேவையில்ல. எந்த சென்சாருக்கு ரெடியா லைப்ரரி கிடைக்குதோ, எது ரிச்சி தெருவுல கேட்ட உடனே கைக்கு வருதோ அதுதான் உங்க போர்டு. நம்ம ஊர்ல இருந்து பீச் லோக்கல்ல ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா போய் வாங்கிட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம். கடைக்காரர் "பை வேணாமா தம்பி?"ன்னு கேப்பார். அவர் கேக்கறது அவர் வியாபாரம்.

பி.கு: எந்த போர்டு வாங்கினாலும் அந்த நீலக்கலர் குட்டி ரிலேவுல மோட்டாரை நேரா மாட்டாதீங்க. அதுல 10 ஆம்பியர்னு போட்டிருக்கும். 1 எச்.பி. மோட்டார் கிளம்பற நொடியில ஓடறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ரிலேவோட முனை ஒட்டிக்கிட்டா அப்புறம் மோட்டாரை நிறுத்தவே முடியாது. ரிலே கான்டாக்டரைத் தட்டட்டும், கான்டாக்டர் மோட்டாரைப் பாத்துக்கட்டும். அந்த ஒயரிங்கைத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்க.