ஜெர்மனியில் படிப்பு இலவசம். படுக்க இடம் எங்கே?

அக்டோபர் மாதம். மூனிக் நகரத்தின் பெரிய ரெயில் நிலையம். இரண்டு பெட்டிகளுடன் ஒரு தமிழ்நாட்டு மாணவன் நிற்கிறான். பல்கலைக் கழகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. விசா இருக்கிறது. ஓர் ஆண்டுச் செலவுக்கான பணம் பாங்கியில் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். தங்குவதற்கு ஓர் அறை!

நண்பனின் அறையில் நான்கு நாள் படுக்கலாம். அதற்கு அப்புறம்? ஓட்டலுக்குப் போகலாம் என்றால், அக்டோபர் முதல் வாரம் வரை அங்கு பிரசித்தி பெற்ற பீர் திருவிழா நடக்கும். உலகமே மூனிக்கில் கூடியிருக்கும். ஓட்டல் அறைகளின் வாடகை மளமளவென்று ஏறியிருக்கும்.

இது ஏதோ ஒருவனுடைய கதை அல்ல. பெரிய ஜெர்மன் நகரங்களில் இறங்கும் நம் மாணவ, மாணவியர் பலருடைய முதல் நாட்கள் இப்படித்தான் கழிகின்றன.

அழைப்பு உண்டு, அறை இல்லை

2024-25 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் பல்கலைக் கழகங்களில் படித்த இந்தியர்கள் 59,000 பேருக்கு மேல். சீனர்களையும் முந்திக்கொண்டு, அங்குள்ள அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதல் இடத்தில் இருக்கிறார்கள்.

ஜெர்மனியும் அவர்களை விரும்பி அழைக்கிறது. அங்கே முதியோர் பெருகி வருகிறார்கள். தொழில் தெரிந்த இளைஞர்கள் போதவில்லை. இந்தியத் தொழில் நிபுணர்களுக்குத் தரும் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. இன்றைய மாணவன்தான் நாளைய நிபுணன்.

அழைப்பு பலமாக இருக்கிறது. ஆனால் வந்தவர்களை உட்கார வைக்க வீட்டில் இடம் இல்லை! மாணவர் விடுதிகளில் உள்ள இடங்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம்தான். மாணவர்களின் எண்ணிக்கையோ 29 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. மற்றவர்கள் வெளியில்தான் தேட வேண்டும்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

"ஜெர்மனியில் சம்பளம் இல்லாத படிப்பு" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் 2024-லிருந்து இப்படிக் கட்டணம் வசூலிக்கிறது. மற்ற இடங்களில் சம்பளம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். செலவுக்கு என்ன வழி?

விசா வேண்டுமானால் 11,904 யூரோவை ஒரு கணக்கில் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 2024-ல் விதி செய்தார்கள். நம் பணத்தில் சுமார் 12 லட்சம் ரூபாய். 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று மாணவர்கள் சொல்லும் இந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும்.

அது என்ன 992? ஜெர்மன் சர்க்கார் தன் நாட்டு மாணவனுக்குக் கொடுக்கும் உதவித்தொகையின் உச்ச வரம்பு அது. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். சாப்பாடு முதலிய செலவுக்கு 475, இன்ஷூரன்சுக்கு 137, வாடகைக்கு 380.

380 யூரோவுக்கு அறை எங்கே கிடைக்கும்? பலர் சேர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு நாடு முழுவதும் சராசரி வாடகை 2024-ல் 490 யூரோவை ஒட்டி இருந்தது. மூனிக்கில் சுமார் 800! 992-ல் 800 வாடகைக்குப் போனால் மீதி 192. மருத்துவ இன்ஷூரன்சு கட்டாயம். அதற்கு 140 போனால் மீதி 52. ஒரு நாளைக்கு 2 யூரோ கூட இல்லை.

காகிதத்தில் போட்ட கணக்கு சரியாக இருக்கிறது. வயிற்றுக் கணக்குத்தான் உதைக்கிறது.

ஒரு கையெழுத்துக்காக

அறை இல்லாவிட்டால் போவது தூக்கம் மட்டும் அல்ல. அங்கே எல்லாக் காரியங்களுக்கும் விலாசமே சாவி.

ஒரு வீட்டில் குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும். விசாக் காலம் முடியுமுன் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதிக்கும் அதுவே ஆதாரம். பல பாங்கிகள் கணக்குத் தொடங்கவும் அந்தப் பதிவுச் சீட்டைக் கேட்கின்றன. சாதாரணக் கணக்கு தொடங்கினால்தானே மாதா மாதம் 992 யூரோ கைக்கு வரும்!

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்க வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பணம் பாங்கியில் இருக்கிறது. ஆனால் எடுக்க முடியாது. சொந்தப் பணம் 12 லட்சம் இருந்தும் கையை நீட்டிக் கடன் கேட்க நேருகிறது.

ஜெர்மன் மாணவர்களுக்கும் அறைத் தட்டுப்பாடு உண்டு. ஆனால் அவர்களில் பலர் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே தேடலாம். வீட்டுக்காரருடன் அவர் பாஷையில் பேசலாம். ஓர் அறைக்குப் பலர் போட்டியிடுவார்கள். அங்கே ஏற்கனவே வசிப்பவர்கள் வந்தவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த புது ஆள் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கிறான்.

அந்த அவசரத்தை ஏமாற்றுக்காரர்கள் அறிவார்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன். முன்பணத்தை அனுப்பு, சாவி தபாலில் வரும்" என்று எழுதுவார்கள். பணம் போகும். சாவி வராது.

அன்றும் இன்றும்

1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கியது. அதன் ஆசிரியர்கள் பயிற்சிக்காக ஜெர்மனிக்குச் சென்றார்கள். இரண்டு சர்க்கார்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி போனவர்கள் அவர்கள். இன்று போகிறவர்கள் தாமே விண்ணப்பம் போட்டு, தாமே பணம் திரட்டிப் போகிறார்கள். அப்பாவின் சேமிப்பும் அம்மாவின் நகையும் பாங்கிக் கடனும் அதில் அடக்கம். முதல் மாதத்தில் தடுமாறினால் அது ஒருவனுடைய தடுமாற்றம் அல்ல. ஒரு குடும்பத்தின் தடுமாற்றம்.

என்ன செய்யலாம்?

கல்லூரியின் பெயரைப் பார்க்கும்போதே ஊரின் வாடகையையும் பார்க்க வேண்டும். மூனிக்கில் 800 என்றால், கிழக்கே செம்னிட்சில் 300 யூரோவை ஒட்டி அறை கிடைக்கிறது. அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப் போட வேண்டும். முன்பணத்துக்கும் முதல் மாதச் செலவுக்கும் தனியாகப் பணம் கொண்டு போக வேண்டும். முன்பணத்தை மூன்று மாதத் தவணையில் கட்டச் சட்டத்தில் உரிமை உண்டு. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அறையைப் பார்க்குமுன் ஒரு காசும் அனுப்பக்கூடாது. "பதிவுக்குக் கையெழுத்துப் போடுவீர்களா?" என்பதே வீட்டுக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும். அறை கிடைத்ததும் கடிதப் பெட்டியில் தன் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போய்விடுவார். வரி எண்ணும் பாங்கிக் கடிதமும் அதோடு போய்விடும்.

இவை மாணவன் செய்ய வேண்டியவை. ஜெர்மன் சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 992 யூரோ போதும் என்று சொல்கிறவர்கள், 380 யூரோவுக்கு ஓர் அறையையும் காட்ட வேண்டும். வாசல் வரை வந்த விருந்தாளியை வரவேற்றால் மட்டும் போதாது. திண்ணையிலாவது இடம் தர வேண்டாமா?