நல்ல பல்லைப் பிடுங்கும் முன்



என் மூத்த சகோதரியார் ஓராண்டுக் காலம் வலது காதோரத்தில் வலியென்று துன்புற்றார். காலையில் கண் விழிக்கும்போதே நெற்றிப்பொட்டில் பாரம். ரொட்டியை மென்றால் காதடியில் குத்தல். மாலையானால் பிடரி வரை வலி. காதில் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணாடியை மாற்றினார்கள். இறுதியில் கடைவாய்ப் பல் ஒன்றையும் பிடுங்கினார்கள். பல் போயிற்று, வலி போகவில்லை. அப்பல்லில் சொத்தையே இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிறகு வேறொரு பல் மருத்துவர் தம் விரல்களை அவருடைய இரு காதுகளுக்கும் முன்னால் வைத்து, "வாயைத் திறந்து மூடுங்கள் அம்மா" என்றார். 'டக்' என்றோர் ஒலி. கன்னத்துத் தசையை அழுத்தியதும், "இதே வலிதான்!" என்று சகோதரியார் கூறிவிட்டார். கோளாறு காதிலுமில்லை, பல்லிலுமில்லை. தாடை மூட்டிலும் அதனை இயக்கும் தசைகளிலும் இருந்தது.

நீங்களும் சுட்டுவிரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து பாருங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அது கதவின் கீல்போலச் சுழல்வதோடு முன்னோக்கி நழுவவும் செய்யும். எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டு ஒன்றுண்டு. அது இடம் விலகினால் சொடுக்கொலி கேட்கும். வலியின்றி ஒலி மட்டும் கேட்குமாயின் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை.

இவ்வலி தலைக்கும் கழுத்துக்கும் பரவுவதேன்? மெல்லும் தசைகளுள் ஒன்று நெற்றிப்பொட்டின் மேல் விசிறிபோல் விரிந்துள்ளது. பற்களை ஓயாமல் இறுகக் கடித்தால் அது களைத்து வலிக்கும். மேலும், முகத்தின் உணர்வைக் கொண்டு செல்லும் நரம்பும் கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் உள்ளே ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. ஆகவே ஓரிடத்து வலியை வேறோரிடத்து வலியாக நாம் உணர நேர்கிறது.

1934ஆம் ஆண்டில் ஜேம்ஸ் காஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவர், இத்தகைய காது வலியைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். பற்கள் சரிவரப் பொருந்தாமையே காரணமென அவர் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. தசை இறுக்கம், மனக்கவலை, உறக்கக் குறைவு, அடிபடுதல், மூட்டு வாதம் எனப் பல காரணங்கள் இன்று கூறப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதி.

மகளின் திருமணக் கவலையில் என் சகோதரியார் பகலிலும் பல்லைக் கடித்தபடியே இருந்ததை அதன் பின்னரே கவனித்தோம். அவருக்குக் கூறப்பட்டவை எளியவை: உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும், சில வாரங்கள் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி விடும்போது மோவாயைக் கையால் தாங்குதல், கற்றுத்தந்த தாடைப் பயிற்சி. மூன்று மாதங்களில், அல்ஹம்துலில்லாஹ், வலி பெரிதும் தணிந்தது.

நாட்பட்ட தாடை வலிக்கென 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டியும் தாடைப் பயிற்சியையும் மன இறுக்கம் தணிக்கும் முறைகளையுமே முதன்மைப்படுத்துகிறது. பற்களின் அமைப்பை நிரந்தரமாக மாற்றிவிடும் சாதனங்களை விலக்குகிறது.

ஆயினும் தாடை வலி யாவும் மூட்டுக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் கண்டால் அன்றே மருத்துவரைக் காணவேண்டும்; தாமதித்தால் பார்வை பறிபோகக்கூடும். பாக்கு, பான் மசாலா மெல்லுவோருக்கு வாய் எரிச்சலோடு வாய் திறப்பது நாளுக்குநாள் குறுகினால், அது வாயின் உட்தோல் இறுகும் நோயாகலாம். அது புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது. பாக்கை அன்றே கைவிட்டுப் பரிசோதனை செய்யுங்கள்.

உங்கள் இல்லத்தில் தாயோ, மனைவியோ, சகோதரியோ காதோரம் வலிக்கிறதென்று கூறினால், "வேலை செய்த களைப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். பல்லைப் பிடுங்கச் சொன்னால், "இந்தப் பல்லில் என்ன பழுது?" என்று மரியாதையுடன் கேளுங்கள். தணிந்த வலியை மறந்துவிட்ட என் சகோதரியார், இழந்த பல்லை ஒவ்வொரு வேளை உணவிலும் நினைக்கிறார்.