அயலார்க்குப் பொங்கலை உரைப்பது எங்ஙனம்?

மார்கழித் திங்களின் இறுதி நாள் விடியுமுன்பே வடசென்னைத் தெருக்களில் சிறுவர்தம் போகிக் கொட்டு முழங்கத் தொடங்கும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வாயில்தோறும் நெருப்பு எரியும். அவ்வேளையில் துறைமுகத்திற் சரக்கிறக்க நிற்கும் கப்பலின் மேல்தட்டிலிருந்து பிலிப்பைன்சு நாட்டு மாலுமி ஒருவன், கரையிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளியிடம், "இஃது என்ன விழா?" என்று கேட்பது இயல்பே. வினா சிறிது, ஆயின், அதற்கு இறுக்கப்படும் விடையில் ஓர் இனத்தின் தன்மதிப்பு அடங்கியிருக்கிறது.

பெரும்பாலும் அவன் பெறும் விடைகள் மூன்று. "அறுவடை விழா" என்பது ஒன்று. "வடநாட்டார் கொண்டாடும் மகரசங்கராந்தியே இது" என்பது மற்றொன்று. "கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள்" என்பது மூன்றாவது. முதல் விடை குறையுடையது. இரண்டாவது தன்னைப் பிறர் பெயரால் அறிவிப்பது. மூன்றாவது இன்றைய வானியலோடு பொருந்தாதது. தன் வீட்டு விழாவைத் தானே அறியாதவன் அதனை அயலானுக்கு எவ்வாறு அறிவிப்பான்?

பெயரிலிருந்தே தொடங்குக. பொங்கல் என்பது பொங்கு என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். கொதித்து மேலெழுந்து வழிதலே பொங்குதல். அச்செயலுக்கும், அவ்வாறு ஆக்கிய சோற்றுக்கும், அச்சோறு ஆக்கும் திருநாளுக்கும் அஃதொன்றே பெயர். இத்துணைப் பொருளையும் "அறுவடை விழா" என்னும் சொற்றொடர் தாங்காது. அயலார் நாவில் தமிழ்ப் பெயர் நுழையாது என்று அஞ்சுவார், காசிமேட்டுக் கடற்கரையிற் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பாராக. தமிழ் மீனவன் ஓட்டிய கட்டுமரம் தன் பெயரோடேயே மேலைநாட்டு மொழிகளில் ஏறிற்று. சுருட்டும் மிளகுத் தண்ணீரும் அவ்வாறே ஆங்கில அகரமுதலிக்குள் நுழைந்தன. கட்டுமரத்தைச் சொல்லக் கற்ற நா பொங்கலைச் சொல்லக் கல்லாதோ? பெயரை முதலிற் சொல்லுக. விளக்கம் பின்னர் வருக.

அடுத்துக் காலம். கடலோடிக்குக் கதிரவனைப் பற்றிப் பிழைபடச் சொல்லுதல் நகைப்புக்கே இடமாகும். கதிரவன் தென்கோடி எய்தி வடக்கு நோக்கித் திரும்புவது திசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் என்பது அவன் தொழிற்கல்வியின் தொடக்கப் பாடம். தை முதல் நாளோ சனவரி 14 அல்லது 15. விண்மீன்களின் பின்னணியிற் கதிரவன் மகரம் எனப்படும் சுறவ ஓரையுள் புகுவதாகக் கணிக்கப்பெறும் நாள் அது. ஏறத்தாழ 1700 ஆண்டுகட்கு முன் இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. சுழலும் பம்பரத்தின் தலை ஆடுவதுபோல் நிலவுலகின் அச்சும் மிக மெல்ல ஆடுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அவை விலகி வந்துள்ளன. இவ்வுண்மையைக் கூறுவதில் தமிழனுக்கு இழுக்கு யாதுமில்லை. விண்மீனை அளவுகோலாகக் கொண்டு ஆண்டைக் கணித்த மரபு தன்னது என்பதை அது காட்டும். அறிந்த பின்னும் பழம்பிழையையே மீண்டும் மீண்டும் உரைப்பதுதான் இழுக்கு.

இனி, அயலவன் மற்றொன்றும் வினவுவான்: "அறுவடை என்கின்றீர், இங்கே வயல் எங்கே?" நேர்மையான வினா. எண்ணூரில் அவன் கண்டவை புகைபோக்கிகளும் நிலக்கரிக் குவியல்களும் சரக்குப் பெட்டிகள் ஏற்றிய உந்துகளின் நீண்ட வரிசையுமே. இதற்குரிய விடையை மழையிலிருந்து தொடங்கல் வேண்டும். தமிழகத்தின் கீழைக் கரைக்கு முதன்மையான மழை அத்தோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அம்மழையில் வளர்ந்த சம்பா நெல் தையிற் களம் சேர்கின்றது. அதே காலத்திற்றான் கடல் கொந்தளிக்கும்; புயல் எழும்; மீனவர் கரையில் முடங்குவர்; வடசென்னையின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் புகும். தை பிறக்குங்கால் வானம் வெளுக்கும், கடல் அடங்கும், ஈரச் சுவர் உலரும். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்னும் பழமொழி வெறும் நம்பிக்கையன்று; கண்கண்ட செய்தி. உழவனுக்கு அறுத்த வயலின் ஊடே வழி; மீனவனுக்கு அலையடங்கிய கடலில் வழி; ஆலைத் தொழிலாளிக்கு வெள்ளம் வடிந்த தெருவில் வழி. முகிலுள் மறைந்திருந்த கதிரவன் மீண்டும் தெளிவுறத் தோன்றும் பொழுதில் அவனுக்கு நன்றி கூறுதல் இயல்பன்றோ? மேலும், 1856இல் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி இராயபுரத்தினின்று புறப்பட்ட காலந்தொட்டு, துறைமுகத்துக்கும் பணிமனைக்கும் ஆலைக்கும் வேலை நாடி வந்தோருட் பலர் சிற்றூர் உழவர் வழியினரே. அவர் ஏரை விட்டு வந்தனர். பானையை விட்டு வரவில்லை.

பின்னர்ச் செய்முறையைக் கூறுக. புதுப்பானையின் கழுத்தில் இலையோடு கூடிய மஞ்சட் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி, வாயிலிலோ முற்றத்திலோ கதிரவன் ஒளிபட அடுப்பேற்றுவர். பால் பொங்கி வழியும்போது சிறியோரும் பெரியோரும் ஒருங்கே "பொங்கலோ பொங்கல்" என்று குரலெழுப்புவர். புத்தரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்து சருக்கரைப் பொங்கலாகும். அருகிற் கரும்பு நிற்கும். மற்றை நாளிற் பால் வழிந்தால் வீண் என்பர். அன்று வழிதலே நிறைவு. இவ்வொரு குறிப்பைச் சொன்னாற் போதும். எந்நாட்டானும் விழாவின் உட்பொருளைப் பற்றிக்கொள்வான். தை 2 உழவுக்குத் தோள்கொடுத்த மாட்டுக்கு நன்றி கூறும் நாள். தமிழ்நாட்டரசு அதனையே திருவள்ளுவர் நாளாகவும் போற்றுகின்றது. மறுநாள் காணும் பொங்கல்: உற்றாரைக் கண்டும் மூத்தோர் வாழ்த்தைப் பெற்றும் கடற்கரையிற் கூடியும் மகிழும் நாள். இவ்விழாவிற்குக் கோயிலும் வேண்டா, பூசகரும் வேண்டா. இராயப்பர் பெயரால் அமைந்தது எனப்படும் இராயபுரத்திற் கிறித்தவர் இல்லங்களிலும் பொங்கற் பானை பொங்குகின்றது.

கேட்பவன் தன் நாட்டு விழாவை எண்ணிப் பார்க்கவும் இடந்தருக. சப்பானியர் 1948 முதல் நவம்பர் 23ஐ உழைப்புக்கு நன்றி கூறும் நாளாகக் கொண்டுள்ளனர். அதன் வேர் புதுநெல்லைத் தெய்வத்துக்குப் படைத்த பழஞ்சடங்கு. கொரியர் இலையுதிர்கால முழுநிலவில் அரிசிமாப் பண்ணியம் படைத்து முன்னோரை நினைக்கின்றனர். உணவு தந்ததை வணங்காத இனமில்லை. வணங்கும் முறையிலேயே இனந்தோறும் தனித்தன்மை. ஈழத்தில் தைப்பொங்கல் அரசு விடுமுறை நாள். கனடா நாட்டு நாடாளுமன்ற மக்களவை 2016இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அயலார் செவி திறந்தே இருக்கின்றது. தமிழர் வாய்தான் தடுமாறுகின்றது.

எனினும், சொல்லால் மட்டும் விளக்கம் நிறைவுறாது. போகி என்பது இந்திரன் பெயர் என ஒரு சாராரும், பழையன போக்குதலாற் "போக்கி" என மற்றொரு சாராரும் கூறுவர். எப்பெயராயினும், பாயும் துடைப்பமும் எரிந்த இடத்தில் இன்று ஞெகிழியும், "டயர்" என மக்கள் வழங்கும் சக்கரப் பட்டைகளும் எரிகின்றன. 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகைமூட்டத்தாற் சென்னைக்கு வந்த வானூர்திகள் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் விடுக்கும் வேண்டுகோள் புகையோடு புகையாகப் போகின்றது. ஆண்டு முழுதும் ஆலைப் புகையை நுகரும் திருவொற்றியூர்க் குழந்தைக்குத் தமிழன் தன் கையாலேயே மேலும் நஞ்சூட்டுவதா பழையன போக்கல்? 2023 திசம்பரிற் புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, மீனும் வலையும் படகும் பாழாயின. அடுத்த திங்களிலேயே பொங்கல் வந்தது. இயற்கைக்கு நன்றி கூறும் விழா என்று அயலானுக்கு உரைக்கும் வாய், அவ்வாற்றுக்கும் அக்கடலுக்கும் உரிய காப்பைக் கேளாது மூடியிருத்தல் தகுமா?

கப்பல்தட்டில் நிற்பவன் செவியால் மட்டும் விளக்கம் பெறுவதில்லை, கண்ணாலும் பெறுகின்றான். "நன்றித் திருநாள்" என்று அவன் செவி கேட்க, அவன் கண் கரும்புகையைக் காணுமாயின், அவன் கண்ணையே நம்புவான். ஆகலின், பொங்கலைத் தமிழ்ப் பெயரால் உரைக்க. மெய்யான காரணத்தால் விளக்குக. அவ்விளக்கம் பொய்யாகாவண்ணம் வாழ்க. வரும் போகியன்று வடசென்னையின் வாயில்களிற் கொட்டு மட்டும் முழங்கட்டும், புகை எழாதிருக்கட்டும். மறுநாட் காலையிற் பொங்கும் பால் எஞ்சிய விளக்கத்தைத் தானே கூறிக்கொள்ளும்.