புரதம் கோழிக்கு, மாவு நமக்கா?

நாமக்கல் முட்டை விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, செய்தியின் கடைசி வரிகளில் மக்காச்சோளம் வந்து நிற்கும். கோழித் தீவனத்தில் பெரும்பங்கு அதுதான். சில ஆண்டுகளாக எத்தனால் ஆலைகளும் அதையே கேட்பதால் பண்ணைக்காரர்களின் கணக்கு இடிக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் சமையல் பக்கத்தில் வந்த சோள சூப் குறிப்பு அதை மறக்கடித்துவிட்டது. உறைய வைத்த ஸ்வீட் கார்ன் ஒரு கப், கார்ன்ஃப்ளார் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை. எடப்பாடி, கொங்கணாபுரம், சங்ககிரி என்று மக்காச்சோளம் விளைகிற மண்ணில் இருக்கிறவர்களுக்கு, அதையே இரண்டு பாக்கெட்டுகளாக வாங்கிக் கொதிக்க வைக்கச் சொல்லித் தருகிறோம். இதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கார்ன்ஃப்ளார் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதல்ல. மரவள்ளிக் கிழங்கில் செய்யவேண்டிய சேலத்து ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதில் மக்காச்சோள ஸ்டார்ச் கலக்கப்படுகிறது என்ற புகார் மட்டும் ஓய்ந்தபாடில்லை. அந்த ஸ்டார்ச்சும் நம் சூப்பில் கரைகிற கார்ன்ஃப்ளாரும் ஒன்றுதான். ஆலையில் மக்காச்சோளத்தைக் கந்தக டை ஆக்சைடு கலந்த வெந்நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறப்போட்டு உடைக்கிறார்கள். முளைக்கரு எண்ணெய்க்குப் போகிறது. தோலும் நாரும் தீவனத்துக்குப் போகின்றன. புரதமும் மஞ்சள் நிறமும் சேர்ந்த பகுதி குளுட்டன் என்ற பெயரில் பிரிந்து அதுவும் பெரும்பாலும் தீவனத்துக்கே போகிறது. முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறமாக வருவதற்கு அந்தச் சத்து உதவுகிறது. இத்தனையும் போன பின் மிஞ்சும் வெள்ளை மாவில், நூறு கிராமுக்கு ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. கோழிக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத்தான் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் ஊற்றுகிறோம்.

முழு மணியில் இருக்கும் சத்துக்குச் சாட்சியாக நான் எடுத்துவைக்கும் புத்தகம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிடும் அந்த நூலின் முதல் வடிவம் 1937-ல், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஐக்ராய்டு என்ற ஆய்வாளர் தொகுத்த சிறு வெளியீடாக வந்தது. ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறியது. நூல் விரிந்து 1971-ல் சி. கோபாலன், ராமசாஸ்திரி, பாலசுப்ரமணியன் மூவர் பெயரில் வந்தது. கோபாலன் 1918-ல் சேலத்தில் பிறந்தவர். குன்னூரில் தொடங்கி, ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராகி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்து, 2019-ல் நூறு வயதில் மறைந்தார். 2017-ல் புதிய அட்டவணைகள் வந்துவிட்டன. ஆனாலும் ஏழை வாங்கக்கூடிய பொருள் எது, அதில் எத்தனை கிராம் என்ன இருக்கிறது என்பதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லும் அந்தப் பழைய பட்டியலை நான் விடுவதாக இல்லை. ஒரு தேசத்தின் அடுப்படியை இவ்வளவு மரியாதையோடு பார்த்த நூல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டியலில் மக்காச்சோளம் இரண்டு வரிகளில் வருகிறது. காய்ந்த மணி நூறு கிராமில் 11.1 கிராம் புரதம், 342 கலோரி. இளங்கதிர் மணியில் 4.7 கிராம் புரதம், 125 கலோரி. இளசில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் என்பதால் எண் சிறிதாகத் தெரிகிறது. தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் புரதத்தில் அது காய்ந்த மணிக்குச் சளைத்ததல்ல. தீட்டிய அரிசியோ 345 கலோரிக்கு 6.8 கிராம்தான் தருகிறது. அதே கலோரி அளவுக்கு, இளங்கதிர் ஏறத்தாழ இரு மடங்கு புரதம் தருகிறது என்று பொருள்.

மக்காச்சோளத்தை நம்பியவர்களுக்குப் பெலாக்ரா வந்ததே என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நியாசின் குறைவால் வரும் நோய் அது. வெயில் படும் கழுத்தும் கையும் தீய்ந்ததுபோல் கறுக்கும், வயிறு கெடும், புத்தி தடுமாறும். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தும் உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோ மக்கள் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து அதை விடுவித்தார்கள். அந்தப் பக்குவம் தெரியாமல் தானியத்தை மட்டும் கொண்டுபோன நாடுகள் நோயை வாங்கிக்கொண்டன. தக்காணத்தில் மக்காச்சோளம் அல்லாத நாட்டுச் சோளம் உண்ட ஏழைகளிடமும் இதே நோயைக் கண்ட கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், அந்தத் தானியத்தில் மிகுந்திருக்கும் லியூசினே காரணம் என்று 1960-ல் எழுதினார்கள். அந்த விளக்கம் பிறகு விவாதத்துக்குள்ளானது. ஆனால் நோய் வந்தது ஒரே தானியத்தை, துணைக்கு வேறு எதுவுமில்லாமல், மாதக்கணக்கில் தின்ன நேர்ந்தவர்களுக்கு. வறுமைதான் அங்கே முதல் காரணம். மக்காச்சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பிலும் முட்டையிலும் தாராளமாக இருக்கிறது. ஆகவே பயறோடு சேர்த்து சமைப்பது என்பதே என் கட்சி.

பாக்கெட் ஸ்வீட் கார்னைவிட வயல் மக்காச்சோளமே மேல் என்பதற்குச் சமையலிலேயே ஆதாரம் இருக்கிறது. ஸ்வீட் கார்னில் சர்க்கரை மிகுதி, மாவுச்சத்து குறைவு. அதனால்தான் அதில் வடை தட்டினால் எண்ணெயில் பிரிந்து போகிறது, மைதாவோ கார்ன்ஃப்ளாரோ சேர்த்துக் கட்டவேண்டியிருக்கிறது. வயல் மக்காச்சோளத்தைப் பால் பிடித்த பருவத்தில் ஒடித்து, உதிர்த்து, ஊறிய கடலைப்பருப்பு, சோம்பு, வரமிளகாயோடு கொரகொரப்பாக ஆட்டினால் அதுவே பிடித்துக்கொள்ளும்; சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுத் தட்டிவிடலாம். சூப்பும் அப்படித்தான்: மணியை அரைத்து வடிகட்டி, பருப்புத் தண்ணீரில் மிளகு, சீரகத்தோடு கொதிக்க விட்டால் தானாகக் கெட்டிப்படும். ஆவியில் வேக வைத்த மணியை வடசட்டியில் கடலெண்ணெய், கடுகு, வெங்காயத்தோடு வதக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் பொரியல். தட்டைப்பயறுக் குழம்பில் ஒரு கைப்பிடி போட்டாலும் ருசிதான்.

வயல் கதிர் கடினம் என்பார்கள். பூட்டையில் நூல் வெளிவந்து மூன்று வாரம் போலத்தான் அந்தப் பருவம். நகத்தால் கீறினால் பால் வரவேண்டும், மாவாக வந்தால் சமையலுக்குத் தாண்டிவிட்டது. இதைவிட வலுவான தடை படைப்புழு. 2018-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து குருத்தில் மருந்து அடிக்காத வயல் அரிது. கதிர் பிடித்த பிறகும் அடித்திருந்தால், மருந்துக்குரிய காத்திருப்பு நாள் முடியாமல் அந்தக் கதிரைச் சமைக்கக் கூடாது; இதில் சமரசமில்லை. விவசாயிக்கு என்ன லாபம் என்ற கேள்வியும் நியாயமானது. நூறு நாளுக்கு மேல் நிற்கவேண்டிய பயிரை எழுபது, எண்பது நாளில் ஒடித்தால் தட்டு பச்சையாக மாட்டுக்குக் கிடைக்கிறது, நிலமும் முன்னதாக ஒழிகிறது. ஆனால் கூலியும் வண்டிச் சத்தமும் கூடும். பண்ணைக்குப் போகும் விலையையே இதற்கும் தந்தால் யாரும் ஒடிக்க மாட்டார்கள், ஒடிக்கவும் வேண்டாம். ஸ்வீட் கார்ன் பாக்கெட்டுக்குக் கேட்ட விலையைத் தருகிறவர்கள் இதற்கும் தரவேண்டும். பதிலுக்கு, நம் உழவர் சந்தைகளில் தோல் உரிக்காத கதிராக, என்றைக்கு ஒடித்தது, கடைசியாக என்றைக்கு மருந்து அடித்தது என்று எழுதிய அட்டையோடு விற்கச் சொல்லிக் கேட்போம்.