பழைய லாரிக்கு எது அசல் எஞ்சின்?

ஐம்பது அறுபது ஆண்டு உழைத்து ஓய்ந்த லாரியை மறுபடி ஓடவைக்க நினைப்பவருக்குப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் முதலில் கிடைக்கும் யோசனை அநேகமாக ஒன்றுதான்: பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, எங்கே போனாலும் பார்ட்ஸ் கிடைக்கிற டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றிவிடுங்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஷெவர்லேயும் டாட்ஜும் பெட்ஃபோர்டும் சாலையிலிருந்து மறைந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அவற்றைப் பிரித்துப் பூட்டிய மேஸ்திரிகளும் குறைந்துபோனார்கள். ஆனாலும் சென்னை போன்ற ஊரில் அந்த யோசனைக்கு இசையக் கூடாது, இருக்கிற எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதே சரி என்பது என் கட்சி. கூடவே, லாரியில் இருக்கிற எஞ்சின் கம்பெனியிலிருந்தே வந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொல்வேன். முதல் பாதி எஞ்சின் மாற்றுகிறவர்களுக்குப் பிடிக்காது. இரண்டாம் பாதி, பழைய வண்டி ஆர்வலர்களில் ஆசாரம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது.

காருக்கும் லாரிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பழைய காரில் எஞ்சின் மாறிப்போனாலும், அதன் கதவு, வளைவு, கூரை எல்லாம் கம்பெனி தந்தபடியே நிற்கும். லாரியோ அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெறும் சேஸியாகத்தான் விற்பனைக்கு வந்தது: சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, முன்னால் ஒரு பானெட். கேபினையும் சரக்குப் பெட்டியையும் மரத்திலும் தகரத்திலும் கட்டிக்கொடுத்தவர்கள் நம்மூர்த் தச்சர்களும் கொல்லர்களும். நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பக்கம் பாடி கட்டும் தொழில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அண்ணா சாலையின் சிம்சன் நிறுவனமே 1840-ல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகப் பிறந்ததுதான். உழைத்த லாரியில் பலகையும் கேபினும் அதன் ஆயுளிலேயே இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். கடைசிவரை கூட வருவது சட்டமும் எஞ்சினும்தான். அதனால் காரில் எஞ்சினை மாற்றுவதைவிட லாரியில் மாற்றுவதில் நஷ்டம் அதிகம் என்கிறேன். ஆர்வலர்கள் காருக்குக் காட்டும் அக்கறையில் கால் பங்குகூட லாரிக்குக் காட்டுவதில்லை என்பது வேறு கதை. தி.நகரில் கார் நிறுத்தவே இடமில்லாதபோது லாரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எந்திர நியாயமும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பூட்டி விற்ற ஷெவர்லே லாரிகளை எடுத்துக்கொள்வோம். 1940-களின் ஒன்றரை டன் லாரியில் இருந்தது 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 90 குதிரைத்திறன். அவசரப்படாமல் சுற்றி, குறைந்த வேகத்திலேயே பாரம் இழுக்கும் ரகம். அதற்கு ஏற்றபடி பின் அச்சின் பல் விகிதம் 6.17. புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆறு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இருபது அங்குல ரிம்மில் மணிக்கு 80 கிலோமீட்டர் போக வேண்டுமானால், டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுற்ற வேண்டும். இதன் முன்னால் இன்றைய டர்போ டீசலை உட்காரவைத்தால் வேகம் தானாக வந்துவிடாது. கியர்பாக்ஸையோ அச்சையோ மாற்றினால்தான் வரும். வேகம் வந்த பிறகு, நாற்பது ஐம்பதில் போவதற்காகச் செய்த டிரம் பிரேக் போதாது. எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெட்டி வேறு வெல்டிங் செய்ய வேண்டும், ரேடியேட்டர் மாற வேண்டும், ஒயரிங் முழுக்கப் புதிதாக இழுக்க வேண்டும். மாட்டை மட்டும் மாற்றுவோம் என்று தொடங்கியது நுகத்தடி, அச்சாணி, சக்கரம் என்று போய், கடைசியில் வேறு வண்டியே வந்து நிற்கும். எஞ்சின் மாற்றுவது மலிவு என்ற கணக்கில் பெரும்பாலும் எஞ்சினின் விலை மட்டுமே இருக்கிறது.

எஞ்சின் வேலையில் செலவு இல்லையா என்றால், உண்டு. பிரித்துப் பார்க்கும்வரை எவ்வளவு என்று தெரியாது என்பதும் உண்மை. ஆனால் அது தெரிந்த வழி. போர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் சதை இல்லையென்றால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கை கிரைண்டிங் செய்யலாம். மேலே சொன்ன ஷெவர்லே எஞ்சினில் சிக்கலான இடம் கனெக்டிங் ராடு: அதில் தனி பேரிங் கிடையாது, வொயிட் மெட்டலை உருக்கி ராடிலேயே வார்த்திருப்பார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் அபூர்வம். ஆனால் ராடைக் கடைந்து, இன்றைய ஷெல் பேரிங் உட்காரும்படி செய்ய நல்ல லேத்தும் நல்ல கையும் போதும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது 1949-ல். ரானே குழுமம் எஞ்சின் வால்வு செய்யப் புறப்பட்டது 1959-ல். அந்தத் தொழில்களைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. அதே பிஸ்டன் கிடைக்காவிட்டால், விட்டமும் பின் உயரமும் பார்த்து வேறொரு எஞ்சினின் பிஸ்டனைப் பொருத்துவது இங்கே புதிய வித்தையுமல்ல.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வருகிறது: எஞ்சின் மாற்றுவதுதானே மெட்ராஸின் மரபு? சரியான கேள்வி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது, டி.வி.எஸ். நிறுவனம் செய்த கேஸ் பிளாண்டைப் பூட்டிக்கொண்டு வண்டிகள் கரி வாயுவில் ஓடின. 1950-களின் தொடக்கத்தில் சிம்சன், இங்கிலாந்தின் பெர்கின்ஸோடு சேர்ந்து பி6 டீசல் எஞ்சினைச் செம்பியத்தில் செய்யத் தொடங்கியது. பெர்கின்ஸ் 1937-ல் கொண்டுவந்த இந்த 4.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 83 குதிரைத்திறன் எஞ்சின், பெட்ரோல் லாரிகளில் மாற்று எஞ்சினாக ஏற்றுவதற்கென்றே பேர் வாங்கியது. குதிரைத்திறனைப் பாருங்கள்: 90 இருந்த இடத்தில் 83. அன்று மாற்றியவர்கள் வேகத்தைத் தேடவில்லை. எரிபொருள் செலவைக் குறைத்து, அதே அச்சில், அதே பாரத்தை இழுத்தார்கள். அப்படி மாறிய லாரி அடுத்த இருபது முப்பது ஆண்டு அந்த டீசலில்தான் சம்பாதித்தது. இன்று அதன் உரிமையாளர் ‘அசலுக்குத் திரும்புகிறேன்’ என்று பி6-ஐ இறக்கிவிட்டு, எங்கிருந்தோ ஒரு ஷெவர்லே எஞ்சினை வரவழைத்து ஏற்றினால், அது இந்த ஊரின் தொழில் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிக்கிற வேலை. அந்த லாரிக்கு பி6-தான் அசல். உழைத்த காலத்தில் தேவை கருதிச் செய்த மாற்றம் வண்டியின் வாழ்க்கையில் சேர்ந்தது. ஓய்ந்த பிறகு நம் வசதிக்காகச் செய்வது அப்படிச் சேராது. மரபு வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும் வண்டியின் பயன்பாட்டுக் காலத்து மாற்றங்களை மதிக்கவே சொல்கிறது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் தேர் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி ‘பெல்’ நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதும் உண்டு. ஆனால் தேருக்குள் மோட்டார் வைக்கவில்லை. வடம் மக்கள் கையில்தான் இருக்கிறது. லாரியிலும் பிரேக், விளக்கு, டயர் ஆகியவற்றில் பாதுகாப்புக்காகச் செய்வதை யாரும் குறை சொல்ல வேண்டாம். பெட்ரோல் பற்றிய கவலைக்கும் இதே அளவில் தீர்வு உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுபோனதால் தேயும் வால்வு சீட்டுக்குக் கடினமான இன்சர்ட் போதும். 20 சதவீத எத்தனாலுக்குப் பம்பின் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ், பேக்கிங் ஆகியவற்றை அதைத் தாங்கும் ரகத்தில் மாற்ற வேண்டும். புகை? ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஒரு லாரி விடும் புகையை வைத்து நகரத்தின் காற்றைப் பற்றி வாதாட முடியாது. பிளாக்கே விரிந்து, தையல் போட்டும் நீர் கசிகிறதென்றால் மட்டும் வேறு வழியில்லை. அப்போதும் அதே இனத்து, அதே காலத்து எஞ்சினைத் தேடுவதே முறை.

சட்டம் இதில் பாதி தூரம் வந்து நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றச் சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ வரிசை எண்ணும், 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவும் தருகின்றன. சேஸி, பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் அந்த விதிகள் சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சரக்கு ஏற்றிப் பிழைத்த லாரிக்கு அங்கே இடமில்லை. இடம் கொடுத்தாலும், 1950-களில் பி6 ஏறிய லாரி எஞ்சின் மாறியது என்ற காரணத்துக்காகவே வெளியே நிற்கும். சரக்கு வண்டிகளையும் அந்த விதிகளில் சேர்க்க வேண்டும், ஆர்.சி.யில் ஏறி ஐம்பது ஆண்டு கடந்த எஞ்சின் மாற்றத்தை அசலாகவே கொள்ள வேண்டும். இதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஒரு திருத்த அறிவிக்கை போதும். இவ்வளவு சொன்ன பிறகும் எஞ்சினை மாற்றியே தீருவேன் என்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இறக்கிய பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, பிளாக்கில் அடித்த நம்பர் தெரியும்படி, ஒரு மூலையில் வையுங்கள்.