பழைய பேப்பர் போட்டாச்சு… அந்தத் தண்ணி எங்கே போகுது?

கல்மண்டபத்துப் பழைய பேப்பர் கடையில் நாம் எடைக்குப் போடும் நோட்டும் அட்டைப்பெட்டியும் கடைசியில் ஏதோ ஒரு காகித ஆலைக்குப் போகின்றன. 'ரீசைக்கிள் ஆயிடும், மரம் தப்பிச்சிடும்' என்று நிம்மதியாகிவிடுகிறோம். அது பாதிக் கதைதான். மீதி, ஆலையின் கழிவுநீரில் இருக்கிறது.

பழைய காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கும்போது ஸ்டார்ச், பசை, மை, பொடி நார் எல்லாம் நீரில் இறங்கிவிடும். அதை அப்படியே ஆற்றில் விட்டால், பாக்டீரியாக்கள் ஸ்டார்ச்சைத் தின்று பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

உயிரியல் சுத்திகரிப்பு என்பது, அதே பாக்டீரியாக்களை ஆலைக்குள்ளேயே தொட்டி கட்டி வேலை வாங்குவது. முதலில் காற்றில்லாத தொட்டி. இங்கே கழிவு மீத்தேன் வாயுவாக மாறும். அடுத்து, காற்று ஊதும் தொட்டி. மிச்சக் கழிவு இங்கே கரையும். இந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவு என்பதால், பாக்டீரியாவுக்குச் சத்தாக யூரியாகூடப் போடுவார்கள்.

இது வெட்டிச் செலவும் இல்லை. கரூர் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். ஆலை, கரும்புச் சக்கை கழுவிய நீரிலிருந்து மீத்தேன் எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிக்கிறது. ஸ்டார்ச் கலந்த நீரிலும் இந்த வழி எடுபடும்.

சிக்கல் எங்கே? காற்று ஊதும் ப்ளோயர்களுக்குக் கரன்ட் பில் எகிறும். நிறுத்தி வைத்தால் லாபம் என்று தோன்றும். ஆனால் பாக்டீரியா மோட்டார் இல்லை. ஒருமுறை செத்தால், சுவிட்ச் போட்டதும் எழுந்து வராது. பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால், என்றோ ஒருநாள் எடுக்கும் சாம்பிளை வைத்து ஆலையை எடைபோட முடியாது. தினசரி அளவுதான் உண்மையைச் சொல்லும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காகித ஆலைகள் உட்பட அதிகம் மாசுபடுத்தும் 17 தொழில்கள் ஆன்லைன் அளவீட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று 2014-லேயே உத்தரவிட்டது. அந்த எண்கள் வாரியத்தோடு நிற்கக் கூடாது. ஆலை இருக்கும் ஊர்க்காரர்களின் போனுக்கு, புரியும் தமிழில், அன்றன்றைக்கே வர வேண்டும்.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது ஊரே பார்த்தது, கறுப்பாகத் தெரிந்ததால். கரைந்த ஸ்டார்ச் அப்படிக் கண்ணில் படாது. எண்களைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும்.