சமாதானத்தைக் கையில் கொடுங்கள்



நான் செய்த ஒரு தவற்றை அறிக்கையிட்டு இந்த வாரத் தியானத்தைத் தொடங்குகிறேன்.

சில வாரங்களுக்கு முன் நடந்த திருவிருந்து ஆராதனையில், விண்ணப்பங்கள் முடிந்து சமாதானம் பகிரும் நேரம் வந்தது. வழக்கமாகப் பீடத்திலிருந்து இறங்கி, நடுப்பாதையின் இருபுறமும் சென்று உங்களை வாழ்த்துவேன். அன்று வலப்புற வரிசைகளுக்கு மட்டும் சென்றுவிட்டுத் திரும்பினேன். இடப்புறம் நான்காம் வரிசையில் நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் நடந்த சேகரக் குழுக் கூட்டத்தில், சபை மண்டபத்தின் வாடகையை உயர்த்த வேண்டும் என்று நான் சொன்னதை அவர் வன்மையாக எதிர்த்திருந்தார். ஏழை வீட்டுத் திருமணங்களுக்குக் கதவை அடைக்கிறீர்கள் என்றார். கூரை ஒழுகுவதை யார் சரிசெய்வது என்று நானும் கடுமையாகக் கேட்டேன். அந்தக் கோபத்தோடுதான் நான் பீடத்தில் நின்றேன்.

சற்று நேரத்தில் அவர் திருப்பந்தியண்டை வந்து முழங்காற்படியிட்டுக் கரங்களை நீட்டினார். நான் அப்பத்தை வைத்தேன். கிறிஸ்துவின் சரீரத்தை அவருக்குப் பரிமாறிய அதே கை, சில நிமிடங்களுக்கு முன் கிறிஸ்துவின் சமாதானத்தை அவருக்குக் கொடுக்க மறுத்திருந்தது. ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிய பிறகும் அந்த நினைவு என்னைவிட்டு அகலவில்லை.

பீடத்தினிடத்தில் காணிக்கையோடு வருகிறவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலாவது போய் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 5:23, 24). யார்மேல் தவறு என்று தீர்மானிக்கும்வரை காத்திருக்க அவர் இடம் தரவில்லை. மனத்தாங்கல் மற்றவருடையதாயினும், நடந்து போக வேண்டியது நாம்தான்.

சமாதானப் பகிர்வு நம் ஆராதனைக்குள் வந்த வரலாற்றை நம் இளையோர் அறிந்துகொள்வது நல்லது. ஆங்கிலிக்கன் மரபினர் பயன்படுத்திய 1662-ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தில் இது கிடையாது. தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் தனக்கென ஒரு திருவிருந்து ஒழுங்கை வகுத்தபோது, கேரளத்துச் சிரியன் சபைகள் காத்துவந்த தொன்மையான வழக்கத்தைத் தழுவி இதைச் சேர்த்தது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்கிறார்கள். ஆயர் தம்மோடு ஊழியம் செய்பவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் வழியாக அது வரிசை வரிசையாகக் கடைசி இருக்கைவரை செல்கிறது. ஒவ்வொருவரும் ஒருவரிடமிருந்து பெற்று இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அந்த ஒழுங்கின் அமைப்பு.

அந்த ஒழுங்கை வகுத்தவர்கள் சமாதானத்தின் விலையை அறிந்தவர்கள். மயிலாப்பூருக்கு அருகே, கதீட்ரல் சாலையில் நிற்கும் தூய ஜார்ஜ் பேராலயத்தில், 1947 செப்டம்பர் 27 சனிக்கிழமையன்று நம் திருச்சபை உதயமாயிற்று. நாடு விடுதலை பெற்று 43 நாட்களே ஆகியிருந்தன. ஆங்கிலிக்கன் மரபினரும், மெதடிஸ்டு மரபினரும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-இல் இணைந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அன்று ஒன்றானார்கள். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. அதற்காக உழைத்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா 1945 ஜனவரி 1 அன்று மறைந்தார். அந்த நாளை அவர் காணவில்லை.

அத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன? பேராயரின் கரங்களால் அபிஷேகம் பெறாத ஊழியர் பரிமாறும் திருவிருந்தை ஏற்கலாமா என்பது பெருங்கேள்வியாக நின்றது. முடிவில், மூன்று மரபுகளின் ஊழியர்களும் மறு அபிஷேகமின்றி ஏற்கப்பட்டார்கள். ஒரு சபையின் மனச்சாட்சி ஏற்காத ஆராதனை முறையையோ ஊழியரையோ அதன்மேல் சுமத்துவதில்லை என்று வாக்குறுதியும் தரப்பட்டது. எல்லாவற்றிலும் ஒத்த கருத்து வந்த பிறகு அவர்கள் கைகோக்கவில்லை. கைகோத்தபின் கருத்து வேறுபாடுகளோடு வாழக் கற்றுக்கொண்டார்கள்.

கைகளைச் சேர்ப்பதற்கு நம் மண்ணில் இன்னொரு பொருளும் உண்டு. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக அமர்ந்து, சாதிவாரியாகத் திருவிருந்து பெற்ற காலம் இருந்தது. அந்த வேறுபாடுகளைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் மடல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் நம் நகரத்து வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். தீண்டாமை ஊறிய நாட்டில், பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேளாமல் இரு கைகளாலும் அவர் கையைப் பற்றுவது சாதாரணச் சைகையன்று. நாவு அறிக்கையிடும் விசுவாசத்தைக் கை மெய்ப்பிக்கும் இடம் அது.

இன்று நம் நிலை என்ன? 2020-இல் கொரோனாவினால் ஆலயங்கள் அடைக்கப்பட்டன. மீண்டும் கூடியபோது, ஒருவரையொருவர் காக்கும்படி கைகூப்பி நிறுத்திக்கொண்டோம். அது அக்காலத்தில் அன்பின் செயல். ஆனால் அச்சம் நீங்கிய பிறகும் தொலைவு நீங்கவில்லை. இப்போது குடும்பத்தினர் தங்களுக்குள் வாழ்த்திக்கொள்கிறார்கள். பழகியவர்களைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள். பின்வரிசையில் தனியே நிற்கும் புதியவரும், வீட்டுவேலைக்குச் செல்லுமுன் முதல் ஆராதனைக்கு வந்துபோகும் சகோதரியும், வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்தும் ஆலயப் பணியாளரும் யாருடைய கையையும் பெறாமலே வீடு திரும்புகிறார்கள். தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள், அடுத்த தேர்தல்வரை எதிரெதிர் வரிசையிலேயே அமர்கிறார்கள்.

மனத்தில் இல்லாததைக் கையால் காட்டுவது மாய்மாலம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நாம் கொடுப்பது நம் சொந்த உணர்வு என்றால் அது மாய்மாலமே. ஆனால் பூட்டிய அறைக்குள், பயந்து ஒளிந்திருந்த சீஷர்கள் நடுவே வந்து நின்று ஆண்டவர் அருளிய சமாதானத்தையே நாம் கைமாற்றுகிறோம் (யோவான் 20:19). அது நம்மிடம் உற்பத்தியாகாதது. ஆகையால் நம் மனநிலைக்காகத் தடுத்து வைக்கும் உரிமையும் நமக்கில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அநியாயம் செய்தவர் திருந்தாமலிருக்க, காயப்பட்டவரை மட்டும் கைநீட்டும்படி வற்புறுத்துவது சுவிசேஷமன்று. வீட்டிலே வன்முறைக்கு ஆளான ஒருவரிடம், எல்லோருக்கும் முன்பாகச் சமாதானம் சொல் என்று கேட்க எந்த ஆயருக்கும் அதிகாரமில்லை. அவருக்கு முதலில் பாதுகாப்பும் நியாயமும் வேண்டும். நான் பேசுவது, நம் பெருமையினால் மட்டுமே நீடிக்கிற பகைகளைக் குறித்து.

ஆகையால் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, அடுத்த திருவிருந்து ஆராதனை முதல் கைகளைச் சேர்த்தே சமாதானம் பகிர்வோம். உடல்நலக் காரணம் உள்ளவர்கள் தயங்காமல் கைகூப்பலாம். இரண்டாவது, உங்கள் வீட்டாரை வாழ்த்துமுன், பெயர் தெரியாத ஒருவரை வாழ்த்துங்கள். ஆராதனை முடிந்தபின் அவர் பெயரைக் கேளுங்கள். மூன்றாவது, திருவிருந்துக்கு முந்தின வாரத்தில், நீங்கள் போக வேண்டிய ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள்.

நான் போனேன். அந்த வாரப் புதனன்று மாலை மந்தைவெளியில் உள்ள அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். “வாங்க ஐயா” என்று வழக்கம்போல் அழைத்து அமரவைத்தார். ஞாயிறன்று வேண்டுமென்றே உங்களைத் தவிர்த்தேன், மன்னியுங்கள் என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “நானும் அன்னைக்கு உங்களைப் பார்க்கக் கூடாதுன்னுதான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தேன் ஐயா” என்றார். இருவரும் சிரித்தோம். அவருடைய துணைவியார் காபி கொண்டுவந்தார். ஜெபித்துவிட்டு எழுந்தபோது, அவர் என் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

மண்டப வாடகையைக் குறித்து எங்களுக்குள் இன்னமும் ஒரே கருத்து இல்லை. அடுத்த கூட்டத்திலும் அவர் எதிர்த்துப் பேசுவார் என்றே நினைக்கிறேன். அவர் பேசட்டும், இம்முறை நான் செவிகொடுத்துக் கேட்பேன்.

சமாதானத்தின் தேவன்தாமே நம் கைகளைப் பரிசுத்தப்படுத்தி, ஒருவருக்கொருவர் திறந்த கைகளாகக் காத்தருள்வாராக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்